கறை விடாத தண்ணீர்

அத்தியாயம் ஏழு

தபால்காரரின் கால்சட்டை எங்கள் ஆபீஸ் மேஜைமேல் மல்லாந்து கிடந்தது. தபால்காரர் அதற்குள் இல்லை. அவர் இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். அவர் மனைவியிடம் கேட்டு வாங்கி வந்த அந்தக் கால்சட்டையை அண்ணி அரை மணி நேரமாக பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, அதுல லெட்டர் எதுவும் இல்ல. நான் பாக்கெட்டைத் தடவிப் பார்த்துட்டேன்."

"வாயை மூடிட்டு இங்க வா. இது என்ன?"

இடுப்புப் பக்கம், கருநீலத் துணியில், உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையாக ஒரு திட்டு.

"பால் குடிச்சிருப்பாரு."

"இடுப்பால யாருடா பால் குடிப்பாங்க? நாக்குல வெச்சுப் பாரு."

"அண்ணி!"

"ஐஸ் உருகறதுக்கு ரோட்டுல உப்பு தூவுவாங்க. அந்த உப்பான்னு தெரியணும். கரிக்குதா?"

என் அண்ணனைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அண்ணி சொல்லி நான் செய்யாத காரியம் கிடையாது. கண்ணை இறுக மூடிக்கொண்டு அந்தக் கால்சட்டையை நக்கினேன். கரிக்கவில்லை. சுண்ணாம்புச் சுவரை நக்கியது மாதிரி இருந்தது.

"நல்லது" என்றார் அண்ணி. யாருக்கு நல்லது என்று சொல்லவில்லை.

அண்ணி பதினைந்து வருடம் குடிநீர் வாரியத்தில் கசிவு கண்டுபிடிக்கும் இன்ஸ்பெக்டராக இருந்தவர். எந்தக் குழாய் எங்கே ஒழுகுகிறது என்று எழுதிக் கொடுத்தார். எந்த அதிகாரி எங்கே ஒழுகுகிறார் என்றும் சேர்த்து எழுதிக் கொடுத்தார். அதற்கப்புறம் வாரியத்துக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. இந்த இரண்டு ரூம் ஆபீஸைத் திறந்தார். கொழுந்தன் என்ற ஒரே தகுதியில் நான் உதவியாளன் ஆனேன்.

இந்த வழக்கு எங்களிடம் வந்து இரண்டு நாள் ஆகிறது. ஊரில் இரண்டு மாதமாக ஆறு ஹைட்ரஜன் பஸ்கள் ஓடுகின்றன. புகை கிடையாது, பின்னால் ஒரு குழாய் வழியாகத் தண்ணீர்தான் வரும். வெயில் காலமாக இருந்திருந்தால் ஊரே கைதட்டியிருக்கும். வந்ததோ உறைபனிக் காலத்தில். போன திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு மேட்டு ஸ்டாப்பில் ஐஸ் கட்டிய நடைபாதையில் தபால்காரர் வழுக்கி விழுந்தார். "தண்ணி பஸ் ஆளைக் கொல்லுது" என்று மறுநாளே ஊர் முழுக்கப் பேச்சு. பஸ் கம்பெனி யோசித்தது. பஸ்களை நிறுத்தினால் நஷ்டம், ஒரு டிரைவரை நிறுத்தினால் செலவே இல்லை. அன்று காலை முதல் டிரிப் ஓட்டிய டிரைவரைப் பிடித்துக்கொண்டார்கள்.

அந்த டிரைவர்தான் இப்போது கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். யூனிஃபார்ம் சட்டையில் பேட்ஜ் குத்தியிருந்த இடம் காலியாக இருந்தது.

"பதினோரு மணிக்கு விசாரணை மேடம். கையெழுத்து போட்டா ஒரு மாச சம்பளம் தந்து அனுப்பிடுவாங்களாம். போடலைன்னா லைசென்ஸையே பிடுங்கிடுவாங்களாம்."

"நீ என்ன சொன்னே?"

"பேனாவைத் திருப்பிக் குடுத்துட்டேன். செய்யாத தப்புக்கு நான் எதுக்கு கையெழுத்து போடணும்? பத்து வருஷமா பஸ் ஓட்டறேன். ஒரு நாய்க்குட்டியைக்கூட இடிச்சதில்ல."

"பஸ்ஸோட கம்ப்யூட்டர் என்ன சொல்லுதுன்னு தெரியும்ல?" அண்ணி ஒரு காகிதத்தை எடுத்தார். "ஆறு பத்துக்கு, அதே ஸ்டாப்புல, நாலு நிமிஷம் தண்ணி திறந்துவிடற பட்டனை அமுக்கியிருக்கே."

"அமுக்கினேன். குளிர் நாள்ல தண்ணி உள்ளேயே தங்கினா உறைஞ்சு குழாய் வெடிச்சிடும். வழியில ஒரு தடவை திறந்துவிடச் சொல்லி புத்தகத்துலயே போட்டிருக்கு. 'பொருத்தமான இடத்தில் வெளியேற்றவும்'னு. எந்த இடம்னு கேட்டா யாருக்கும் தெரியாது. ஒரு வடிகால் வெச்சுக் குடுங்கன்னு கேட்டேன், கம்பெனி கண்டுக்கலை. ஆறு டிரைவரும் அவங்கவங்களே ஆளுக்கொரு இடம் தேடிக்கிட்டோம்."

"உன் இடம் எது?"

டிரைவர் பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"ரோட்டுல விட்டியா?"

"சத்தியமா இல்ல."

"அப்போ எங்க?"

"அதை மட்டும் கேக்காதீங்க மேடம். சொன்னா இன்னொருத்தர் பொழைப்பு போயிடும். என்னோட வேலை போனா போகட்டும்."

"எங்ககிட்ட வந்தப்போ வேலை போகக்கூடாது, இப்போ உண்மையும் வெளிய வரக்கூடாது. நாங்க துப்பறிவோமா, மந்திரம் போடுவோமா?" என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நாற்பது பயணிகளை ஒரே அதட்டலில் உள்ளே நகர வைக்கும் பார்வை. நான் தானாகவே இரண்டடி உள்ளே நகர்ந்தேன்.

"நீ டிப்போவுக்குப் போ" என்றார் அண்ணி. "நான் வர்ற வரைக்கும் எதுலயும் கையெழுத்து போடாதே. டேய், கோட்டை மாட்டு. சமையலறைல வினிகர் பாட்டில் இருக்கும், அதையும் எடுத்துக்கோ."

என் கறுப்புக் கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். எனக்கு இருக்கும் ஒரே மரியாதை அதுதான். நேற்றுத்தான் சலவையிலிருந்து வந்திருந்தது, ஒரு பொட்டுத் தூசி இல்லாமல்.

"வினிகர் என் கோட்டுல பட்டா நான் வேலையை விட்டுடுவேன் அண்ணி."

"சம்பளம் குடுத்தாத்தானே வேலை? நட."

மேட்டு ஸ்டாப் ஏற்றத்தின் நடுவில் இருந்தது. இன்று லேசாக வெயில் அடித்ததால் நடைபாதை காய்ந்து கிடந்தது. நிழற்குடையின் ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அதற்குள் ஆளுயர விளம்பரம். பஸ் கம்பெனி மேனேஜர் கையில் ஒரு கண்ணாடி டம்ளரோடு சிரித்துக்கொண்டிருந்தார். கீழே கொட்டை எழுத்தில், 'எங்கள் பஸ் வெளியே விடுவது சுத்தமான தண்ணீர் மட்டுமே!'

"பார்த்தியா, இந்தக் கண்ணாடி எப்படிப் பளபளக்குதுன்னு?" என்றார் அண்ணி.

"ஆமா. தெருவுலயே இது ஒண்ணுதான் குளிச்ச மாதிரி இருக்கு."

"அட, உனக்குக்கூட மூளை இருக்கு. குனி."

குனிந்தேன். கண்ணாடியின் கீழ்ச் சட்டத்தில், இரும்பின்மேல், வெள்ளையாக ஏடு படிந்திருந்தது. அங்கிருந்து நடைபாதைக் கல்லில் வெள்ளைக் கோடுகள் வழிந்து வந்து, தபால்காரர் விழுந்த இடத்தில் அகலமாகப் பரவியிருந்தன. கால்சட்டையில் இருந்த அதே வெள்ளை.

"வினிகரை ஊத்து."

ஒரு சொட்டு விட்டேன். ஏடு புஸ்ஸென்று நுரைத்தது.

"சுண்ணாம்பு" என்றார் அண்ணி. "குழாய்த் தண்ணில இருக்கற சுண்ணாம்பு. நம்ம வீட்டு கெட்டில்ல அடியில ஒட்டிக்கிட்டு உயிரை வாங்குதே, அதே சரக்கு. பஸ் தண்ணி மண்ணைத் தொட்டது இல்ல, குழாயைப் பார்த்தது இல்ல. ஹைட்ரஜனும் காத்தும் சேர்ந்து வண்டிக்குள்ளேயே பொறந்த தண்ணி. அதுல சுண்ணாம்பு ஏது? அது காஞ்சா ஒரு அடையாளமும் இருக்காது."

"அதாவது தடயம் இருக்கு. தடயம் இருக்கறதாலேயே டிரைவர் குற்றவாளி இல்ல."

"அதேதான்."

"அப்போ கேஸ் முடிஞ்சுது! போய் ஒரு டீ..."

"எங்கடா முடிஞ்சுது? அவ நாலு நிமிஷம் தண்ணி விட்டது கம்ப்யூட்டர்ல இருக்கு. 'ரெண்டு தண்ணியும் கலந்து உறைஞ்சுது'ன்னு மேனேஜர் ஒரே வரியில தாண்டிப் போயிடுவாரு. அந்தத் தண்ணி எங்க போச்சுன்னு நாம காட்டியாகணும்."

விளம்பரத்துக்குப் பின்னால் குழாய் வைத்த ஒரு தகரப் பெட்டி இருந்தது. பூட்டு இல்லை. அண்ணி அதைத் திறந்து, உள்ளே தொங்கிய ஓர் அட்டையை நின்று நிதானமாகப் படித்தார். போனில் படம் பிடித்தார். பெட்டியை மூடினார்.

"என்ன அட்டை அண்ணி?"

"பதினோரு மணிக்குச் சொல்றேன்" என்றவர், திடீரென்று என் கோட்டின் காலரைப் பிடித்து இழுத்தார்.

"அய்யோ, வினிகர் கை!"

"நீ இந்தக் கோட்டை வாங்கின நாள்லேர்ந்து ஒரே புலம்பல். சலவைக்குப் போட்டா இஸ்திரிப் பெட்டி வெள்ளை வெள்ளையாத் துப்பிடுதுன்னு. இப்ப ஒரு பொட்டுகூட இல்லையே. எப்போலேர்ந்து?"

"ரெண்டு மாசமா."

"ஹைட்ரஜன் பஸ் வந்து எவ்வளவு நாளாச்சு?"

நான் திரும்பினேன். நான் கோட்டைக் கொடுக்கும் சலவைக்கடை அந்த ஸ்டாப்புக்கு நேர் பின்னால், ஆறே எட்டில் இருந்தது. இரண்டு நாளாகத் தேடிய சாட்சியை நான் முதுகில் மாட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

கடைக்குள் நீராவி மண்டியிருந்தது. கடைக்கார அம்மாவுக்கு அறுபதை நெருங்கும் வயது. சட்டைக் கைகளைத் தோள்வரை மடித்துவிட்டு, ஒரு வெள்ளைப் போர்வையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மேஜைக்கு அடியில் ஐந்து லிட்டர் கேன் ஒன்று பாதி நிறைந்து இருந்தது.

"அந்தக் கேன்ல என்னம்மா?" என்றார் அண்ணி.

"தண்ணி."

"எந்தத் தண்ணி?"

"நனையற தண்ணி. துணி இருந்தா குடுங்க, இல்லைன்னா வழியை விடுங்க."

மேஜைமேல் இஸ்திரிப் பெட்டி அடிப்பக்கம் மேலே தெரியச் சாய்ந்து, சூடாக இருந்தது. அண்ணி குழாயில் விரலை நனைத்து அதன்மேல் ஒரு சொட்டு வைத்தார். சொய்யென்று காய்ந்தது. வெள்ளையாக ஒரு வளையம் நின்றது. அப்புறம் கேனில் விரலை நனைத்துப் பக்கத்திலேயே இன்னொரு சொட்டு வைத்தார். சொய்யென்று காய்ந்தது. அந்த இடத்தில் எதுவுமே இல்லை.

அந்த அம்மா போர்வையைக் கீழே வைத்தார்.

"தினம் காலைல ஆறேகாலுக்கு வாசல்ல கேன் இருக்கும்" என்றார் மெதுவாக. "காலி கேனை நான் ராத்திரி வெளிய வெச்சுடுவேன். இஸ்திரிப் பெட்டி அடைச்சுக்கறதே இல்ல இப்பல்லாம். யார் வெக்கறாங்கன்னும் தெரியும்."

"யாரு?"

"எம் மருமக."

நான் விசிலடித்தேன். மாமியாரைக் காட்டிக்கொடுக்காமல் வேலையை விடத் துணிந்த மருமகளை நான் கதையில்கூடப் படித்ததில்லை.

"ஒரே வீட்டுலயா இருக்கீங்க?"

"பேச்சே கிடையாது. 'பஸ் ஓட்டறவ எனக்கு மருமகளா'ன்னு கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிட்டேன். தனிக்குடித்தனம் போயிட்டா. அஞ்சு வருஷம் ஆச்சு. ரெண்டு மாசம் முன்னாடி, பெட்டி கெட்டுப்போச்சுன்னு நான் என் மகன்கிட்ட அழுதேன். மறுநாள் வாசல்ல கேன் இருந்தது. 'யாரு வெச்சது'ன்னு நான் கேக்கலை. 'நான்தான்'னு அவளும் சொல்லலை."

"திங்கட்கிழமை கேன் வந்துதா?"

"நிறைஞ்சு வந்துது. இதோ இருக்கே, அதுல பாதி இன்னும் மிச்சம். அதுக்கப்புறம் வரலை. அவ பேட்ஜைப் பிடுங்கிட்டாங்களே."

"பதினோரு மணிக்கு விசாரணை. வந்து இதைச் சொல்லுங்க."

அந்த அம்மாவின் முகம் இறுகிப் போனது. "இந்தக் கடை பஸ் கம்பெனியோட கட்டடம்மா. வாசல்ல போர்டைப் பார்க்கலையா? கம்பெனி பொருளை வாங்கினேன்னு சொன்னா மறுநாளே என்னைத் தெருவுல தள்ளிடுவாங்க. அதனாலதான் அவ வாயைத் திறக்கலை. நான் திறந்தா அவ வாயை மூடிக்கிட்டதுக்கு என்ன அர்த்தம்?"

அண்ணி வற்புறுத்தவில்லை. "டிப்போ, ரெண்டாவது மாடி" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாட்சியைக் கையைப் பிடித்து இழுத்து வராமல் விட்டுவிட்டு வருவதற்கு எதற்கு ஒரு துப்பறியும் ஆபீஸ்?

விசாரணை அறையில் நீளமான கறுப்புக் கண்ணாடி மேஜை. ஒரு பக்கம் மேனேஜர், விளம்பரத்தில் இருந்த அதே சிரிப்போடு. எதிரில் டிரைவர். அவளுக்கு முன்னால் டைப் அடித்த மன்னிப்புக் காகிதம், அதன்மேல் ஒரு பேனா. தலைப்பக்கம் போக்குவரத்துத் துறையின் விசாரணை அதிகாரி. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுக்கொண்டு பேசும் அம்மாள்.

அண்ணி கால்சட்டையை மேஜைமேல் விரித்தார். மேனேஜர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். கால்சட்டை, கண்ணாடிச் சட்டம், வினிகர் என்று அண்ணி மூன்று நிமிடத்தில் சொல்லி முடித்தார்.

"அதாவது தபால்காரர் விழுந்தது குழாய்த் தண்ணி உறைஞ்ச ஐஸ்லங்கறீங்க" என்றார் அதிகாரி.

"ஆமாங்க. பஸ் தண்ணி உறையவே உறையாதுன்னு நான் சொல்லலை. ரோட்டுல விட்டா அதுவும் உறையும், அதுவும் ஆளை வழுக்கிவிடும். அதுக்குத்தான் வழியில ஒரு வடிகால் வெச்சுக் குடுங்கன்னு இந்தப் பொண்ணு கேட்டிருக்கா. மேனேஜர் சார் வெச்சுக் குடுத்தது விளம்பரம்."

"பேச்சு நல்லாருக்கு" என்றார் மேனேஜர். "ஊர்ல எவனோ எதையோ கழுவினா நான் என்ன செய்ய? இந்த பஸ் வந்தப்புறம்தான் ரோட்டுல தண்ணியே. என் பெட்ரோல் கார் ஒரு சொட்டு விடுதா?"

"ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணி வெளிய போகுது சார். புகையோட புகையாப் போறதால உங்க கண்ணுக்குத் தெரியல. இந்தத் தண்ணியோட சேர்ந்து புகை வரலை, அதனால எல்லாரும் தண்ணியைத் திட்டறாங்க." அண்ணி போனை எடுத்து அதிகாரி முன்னால் வைத்தார். "எவனோ எதையோ கழுவலைங்க. ஸ்டாப்புல தகரப் பெட்டிக்குள்ள தொங்கற வேலை அட்டை. படிங்க."

அதிகாரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார். "'விளம்பரக் கண்ணாடியை தினமும் காலை ஐந்து நாற்பதுக்குத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவவும்.' கீழே கையால எழுதியிருக்கு, 'குளிர் என்ற சாக்கு ஏற்கப்படாது.' கையெழுத்து..." நிமிர்ந்து மேனேஜரைப் பார்த்தார். "உங்களுதுதானே?"

மேனேஜர் தன் ஃபைலைப் புரட்ட ஆரம்பித்தார்.

"திங்கட்கிழமைக்கு நேரா டிக் இருக்கு" என்றார் அண்ணி. "துடைக்கற ஆளுக்குக் கை விறைச்சாலும் உங்க முகம் பளிச்சுன்னு இருக்கணும். சுத்தமான தண்ணின்னு விளம்பரம் பண்ணி, அந்த விளம்பரத்தைக் கழுவின தண்ணில ஒரு மனுஷன் இடுப்பை உடைச்சிட்டீங்க. பழி மட்டும் இவ மேல."

மேனேஜர் சிரிப்பை எங்கேயோ தொலைத்திருந்தார். ஆனால் ஆள் விடுவதாக இல்லை. "சரி, அது என் கவனக்குறைவாவே இருக்கட்டும். இவ திறந்துவிட்ட தண்ணி எங்க? நாலு நிமிஷம்! பதில் வராத வரைக்கும் நான் இவளை விட முடியாது."

அதிகாரி டிரைவரைப் பார்த்தார். "சொல்லும்மா. ரோட்டுல விடலைன்னா எங்க போச்சு?"

"சொல்ல மாட்டேன்" என்றாள் டிரைவர்.

கதவு திறந்தது. சலவைக்கடை அம்மா நின்றுகொண்டிருந்தார். மடித்த சட்டைக் கை மடித்தபடியே இருந்தது. கையில் கேன். இரண்டு மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது.

டிரைவர் எழுந்துவிட்டாள். "நீங்க ஏன் வந்தீங்க?"

"என் கால், என் மாடிப்படி. நீ உக்காரு." அந்த அம்மா மேஜை முன்னால் வந்து நின்றார். "தண்ணி என்கிட்ட இருக்கும்மா. திங்கட்கிழமை காலைல கேன் நிறைய என் வாசல்ல வெச்சா. ஒரு சொட்டு ரோட்டுல சிந்தலை. இவ எம் மருமக. இதைச் சொல்ல எனக்கு அஞ்சு வருஷம் ஆயிருக்கு."

மேனேஜர் துள்ளி எழுந்தார். "கேட்டீங்களா? பஸ்லேர்ந்து வர்றதெல்லாம் கம்பெனி சொத்து. எடுத்தது திருட்டு, வாங்கினது திருட்டு. இவளுக்கு வேலை இல்ல, உங்களுக்குக் கடை இல்ல."

"கம்பெனி சொத்தா?"

"ஆமா!"

"அப்போ வெச்சுக்கோங்க."

அந்த அம்மா மூடியைத் திருகிக் கேனை மேஜைமேல் கவிழ்த்தார். குபுகுபுவென்று கொட்டிய தண்ணீர் கறுப்புக் கண்ணாடியில் ஓடி, மேனேஜரின் ஃபைலை மிதக்கவிட்டு, அவர் மடியில் இறங்கியது. டைப் அடித்த மன்னிப்புக் காகிதம் நனைந்து பேனாவோடு சேர்ந்து நகர்ந்து போனது. அண்ணி கால்சட்டையைச் சரியான நேரத்தில் தூக்கிவிட்டார். நான் கோட்டைத் தூக்கிக்கொண்டேன்.

"பயப்படாதீங்க சார்" என்றேன். "காஞ்சா ஒரு கறையும் இருக்காது. எழுதித் தரேன்."

விசாரணை அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்ளச் சற்று அதிக நேரம் எடுத்துக்கொண்டார். உதட்டை அடக்கிக்கொள்ளத்தான் அந்த நேரம் என்று எனக்குப் பட்டது. "கீழே விடக்கூடாதுன்னு சொல்ற தண்ணியை ஒருத்தர் கேன்ல பிடிச்சு உபயோகப்படுத்தினா அதுக்குப் பேரு திருட்டுன்னு என் சட்டப் புத்தகத்துல இல்ல. டிரைவர் மேல இருக்கற குற்றச்சாட்டு தள்ளுபடி. இந்தக் கடை விஷயத்துல ஒரு நோட்டீஸ் போனாலும் எனக்கு முதல் காப்பி வரணும். மேனேஜர் சார், நீங்க உக்காருங்க. உங்களோட விசாரணை இப்பத்தான் ஆரம்பிக்குது."

"உக்கார முடியாதுங்க" என்றார் மேனேஜர், ஈரமாக.

டிரைவர் மிதந்துபோன காகிதத்தை இரண்டு விரலால் தூக்கினாள். எழுத்தெல்லாம் கரைந்திருந்தது. அதை மேனேஜர் முன்னால் வைத்தாள். பக்கத்தில் பேனாவையும் வைத்தாள்.

"இது நனைஞ்சிடுச்சு சார். தபால்காரர்கிட்ட மன்னிப்பு கேட்டுப் புதுசா ஒண்ணு எழுதுங்க. கையெழுத்து உங்களுது. என் பேட்ஜை எடுங்க. பன்னிரண்டு மணி டிரிப் எனக்கு."

பேட்ஜ் வந்தது. அவள் அதை நேராகக் குத்திக்கொண்டாள். அழுதுவிடுவாளோ என்று நினைத்தேன். அழவில்லை. மாமியாரைப் பார்க்காமல் கதவுப் பக்கம் நடந்தாள்.

"ஏ" என்றார் அந்த அம்மா.

அவள் நின்றாள். அந்த அம்மா காலி கேனை நீட்டினார்.

"நாளைக்கு ஆறேகாலுக்குக் கதவைத் தட்டு. வாசல்ல வெச்சுட்டு ஓடாதே."